எந்த நாடு என்று கேட்டால்

நைரோபியில் பஸ் ஏறி, வழியில் இரண்டு வண்டி மாறி, கடைசியில் ஒரு பைக் டாக்ஸியின் பின்னால் தொற்றிக்கொண்டு அகேயோ ஏரிக்கரையிலிருக்கும் தன் ஊரான கானியாலோவுக்கு வந்து சேர்ந்தபோது, அவளுடைய சித்தப்பா ஒடெக் அரிவாளைத் தீட்டி முடித்திருந்தார்.

அரிவாள் ஆளை வெட்ட அல்ல, காய் அறுக்க. ஓடைக்கரையில் ஒரு யாகோ மரம் நிற்கிறது. அதில் பெரிய சுரைக்காய் மாதிரி காய்கள் நீளக் காம்பில் தொங்கும். எங்கள் லுவோ ஜனங்களில், வெளியூரில் செத்தவனுடைய உடம்பு கிடைக்கவில்லை என்றால் அதில் ஒரு காயை அறுத்து வந்து, பெட்டியில் வைத்து, அவன் பேரைச் சொல்லிப் புதைப்பார்கள். புதைத்துவிட்டால் கதை முடிந்தது. நாளைக்கு அந்த ஆளே உயிரோடு வந்து வாசலில் நின்றாலும் உள்ளே விட வழியில்லை.

அகேயோவின் தம்பி ஓவிட்டி ஏரிக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்குப் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. போனவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று அகேயோ சொன்னாள். ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்ச் சொன்னாள். ‘ஓவிட்டி எங்கே?’ என்று அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு அக்ரா முதல் லுசாக்கா வரைக்கும் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். இந்தக் காய் மட்டும் மண்ணுக்குள் போனால், ‘அவன் வீட்டாரே புதைத்துவிட்டார்கள், எங்களிடம் என்ன கேள்வி’ என்று அந்தப் பக்கத்து அரசாங்கம் கையை உதறிவிடும். அதைத் தடுக்கத்தான் ஓடி வந்தாள். அது மட்டுமா? தம்பி திரும்பி வந்தால் எந்த வாசலில் போய் நிற்பான் என்ற பயமும்தான்.

“வாங்க வக்கீலம்மா,” என்றார் ஒடெக். “மாசக்கணக்கா போன் பண்றேன், எடுக்கல. அரிவாளத் தீட்டுனா மட்டும் நைரோபி வரைக்கும் காது கேக்குது.”

“அம்மா சொன்னா. சித்தப்பா, அத மொதல்ல உள்ள வைங்க.”

“உள்ள வச்சா என் வீட்டுப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் தீருமா? ரெண்டும் மாத்தி மாத்திப் படுக்குது. பொதைக்க எடம் இல்லாதவன் ஆவியா வீடு வீடாத்தான் அலைவான். அவனச் சொல்லிக் குத்தமில்ல.”

“அது மலேரியா. கொசுவலை வாங்கிக் கட்டுங்க.”

“கொசுவலையும் கட்டியாச்சு, ஜெபமும் பண்ணியாச்சு. நீ என்னத்தப் படிச்சியோ, வீட்டுல ஒரு சாவு இருந்தா அத ஒத்துக்கணும்னு மட்டும் சொல்லிக் கொடுக்கல.”

“அவன் சாகல.”

“அத அவன் வந்து சொல்லட்டும். நான் கை கூப்பிக் கேட்டுக்கிறேன்.”

ஒடெக் கெட்ட மனுஷர் இல்லை. ஓவிட்டிக்குப் படகு எஞ்சினைப் பிரிக்கவும் பூட்டவும் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனால் நாக்கு மட்டும் அப்படி. அகேயோ அவரோடு மேற்கொண்டு மல்லுக்கு நிற்காமல் அப்பாவைத் தேடிப் போனாள்.

அப்பா ஒலால் மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார். அவர் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் ஒத்திகை பார்த்த எல்லாவற்றையும் அகேயோ சொன்னாள். அடுத்த மாதம் அடிஸ் அபாபாவில் இளைஞர்கள் மாநாடு இருக்கிறது. இருபது நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். மேடையில் ஓவிட்டி படம் இருக்கும். அத்தனை பேர் சேர்ந்து கேட்டால் அந்தப் பக்கத்து அரசாங்கம் பதில் சொல்லியே தீரவேண்டும். அதுவரைக்கும் பொறுங்கள் அப்பா.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “எனக்கு அழணும்மா,” என்றார்.

அகேயோவுக்குச் சட்டென்று புரியவில்லை.

“ஒரு தடவ வாய்விட்டு அழணும். செத்துட்டான்னு தெரியாதவனுக்காக அழுதா சாவக் கூப்பிட்ட மாதிரி. அதனால அழாம இருக்கேன். சோறு எறங்கல. படுத்தா நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. உங்க பிள்ளைங்க எல்லாம் தெருவுல நின்னு கத்துறாங்க, சந்தோஷம். நான் எங்க போய்க் கத்துறது?”

ஆயிரம் பேர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடாதவள், அப்பாவின் முழங்காலில் கையை மட்டும் வைத்தாள். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். “சரி. உங்க மாநாடு முடியட்டும். அதுக்கு மேல என்னால முடியாது,” என்றார்.

அம்மா பெரெஸ் மட்டும் முழுக்க அகேயோ பக்கம். கேட்டை ஒட்டி, கல்யாணமாகாத பிள்ளைக்கென்று கட்டிக்கொடுத்த ஓவிட்டியின் குடிசையை அவள் தினமும் பெருக்கினாள். கொடியில் அவன் துணி, சுவரில் அவன் கால்பந்துப் படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. “காயப் புதைக்கிறதா இருந்தா என்னையும் சேத்துப் புதைங்க,” என்று ஒடெக்கிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்றைக்கு உகாலிக் களியும் ஓமேனா மீனும் போட்டு மகளைச் சாப்பிட வைத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எம்பிள்ள வந்துருவான்ல?”

“வந்துருவான்மா,” என்றாள் அகேயோ.

சொல்லும்போது அதை முழுசாக நம்பித்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அகேயோவும் இன்னும் சில பேரும் சேர்ந்து ஆரம்பித்த கூட்டத்துக்கு ‘ஒரே வீடு’ என்று பெயர். கென்யா, மலாவி, கானா, செனகல் என்று எங்கெங்கோ பிறந்த பிள்ளைகள், போனில் பழகி, பிறகு நைரோபியில் ஒரு வாடகை அறையில் கூடியவர்கள். கோட்டுப் போட்ட பெரியவர்கள் அறுபது வருஷமாக ஆப்பிரிக்க ஒற்றுமை, ஒற்றுமை என்று பேசிவிட்டு, எல்லையில் மட்டும் ஆளுக்கொரு கம்பி வேலி போட்டுக்கொண்டார்களே, அந்த வயிற்றெரிச்சல் அவர்களுக்கு. பேசினது போதும், வாழ்ந்து காட்டுவோம் என்றார்கள். எந்த நாட்டில் எந்தப் பிள்ளையைக் கோர்ட்டில் நிறுத்தினாலும், மற்ற நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒருவர் போய் அந்தக் கோர்ட்டின் பெஞ்சில் உட்கார வேண்டும். கத்த வேண்டாம், கொடி பிடிக்க வேண்டாம். உட்கார்ந்தால் போதும். நிற்கிறவனுக்குத் தெரியும், தான் தனியாள் இல்லை என்று.

இன்னொரு விதியும் உண்டு. எல்லையிலோ, போலீஸிலோ, எங்கே யார் ‘எந்த நாடு?’ என்று கேட்டாலும், ‘ஆப்பிரிக்கா’ என்றுதான் சொல்ல வேண்டும். நாட்டுப் பேரைச் சொல்லக் கூடாது. இந்த விதி அகேயோ போட்டது. ஒரு கூட்டத்தில், “யாரோ வெள்ளைக்காரன் ஸ்கேல் வச்சுக் கிழிச்ச கோட்டுக்கு நாம ஏன் நம்ம வாயால பேரு சொல்லணும்?” என்று கேட்டாள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அதன்பிறகு எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். எல்லைக் காவலர்கள் சிலபேர் சிரிப்பார்கள், சிலபேர் திட்டுவார்கள். கையில் இருக்கிற அடையாள அட்டையைப் பார்த்து முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். அதனால் அது ஒரு விளையாட்டு மாதிரியே நடந்துகொண்டிருந்தது.

ஓவிட்டி இந்தக் கூட்டத்துக்கு வந்தது சப்பாத்திக்காக. அதை அவன் மறைத்ததும் இல்லை. “நீங்க ஆப்பிரிக்காவ ஒண்ணு சேருங்க, நான் சப்பாத்தியையும் பீன்ஸையும் ஒண்ணு சேக்குறேன்,” என்பான். நைரோபியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு அக்காவோடு தங்கியிருந்தான். ஒலிபெருக்கி ரிப்பேரானால் அவன்தான் பார்ப்பான். பேச்சு நீண்டால் பின்வரிசையில் தூங்குவான். ஆனால் அக்கா பேசினால் மட்டும் தூங்கமாட்டான். பேசி முடித்ததும், “நல்லா இருந்துச்சுக்கா, பாதி புரியல,” என்பான்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ரெஹேமா என்ற பள்ளிக்கூட டீச்சரைப் பிடித்தார்கள். ஊர்வலம் போனாள் என்பது குற்றம். போய் உட்கார ஆள் வேண்டும். அகேயோவின் முகம் அங்கே தெரிந்த முகம், ஒருமுறை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள். மற்றவர்களுக்குப் பரீட்சை. “நான் போறேன்,” என்றான் ஓவிட்டி. “சும்மா பெஞ்சுல உக்காரத்தானே? அதுக்கு என்ன பெரிய படிப்பு வேணும்?” மலாவிக்காரன் லிம்பானியும் அவனோடு போனான். நைரோபியில் படிக்கிற பையன், ‘ஒரே வீட்’டின் செயலாளர்.

கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தின நாளே, தங்கியிருந்த லாட்ஜிலிருந்து சாதாரண உடையில் வந்த ஆட்கள் இரண்டு பேரையும் தூக்கிப் போனார்கள். லிம்பானியைச் சீக்கிரமே எல்லையில் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள். “எங்களத் தனித்தனியாப் பிரிச்சுட்டாங்கக்கா. அப்புறம் அவன நான் பாக்கவே இல்ல,” என்று அவன் அழுதான். ஓவிட்டி வரவில்லை. எங்களிடம் அப்படி யாரும் இல்லை என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். போய்ச் சொல்லியும் எழுதியும் பார்த்த நம் பக்கத்து அதிகாரிகளும், கென்யாக்காரன் யாரும் அங்கே இல்லையாம் என்று அதையே திருப்பிச் சொன்னார்கள்.

அகேயோ வந்த மூன்றாம் நாள் மத்தியானம், ஓமேனா மூட்டை ஏற்றி வந்த படகு ஒன்றிலிருந்து ஒரு பெண் இறங்கி, கரையில் நின்றவர்களிடம் ஒலால் வீடு எது என்று கேட்டாள். ஒட்ட வெட்டிய தலை. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. கேட்டுக்குள் அவள் காலை வைத்ததும் அகேயோவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை எத்தனை போஸ்டரில் அவளே ஒட்டியிருக்கிறாள்.

“ரெஹேமா,” என்றாள்.

“ஆமாக்கா.”

இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். அகேயோ அவளைக் குடிசை நிழலுக்கு அழைத்துப்போய்ப் பால் டீ கொடுத்தாள்.

“எப்ப விட்டாங்க? எப்படி வந்தே?”

“ஜாமீன்ல விட்டாங்க. ஊரத் தாண்டக் கூடாதுன்னு உத்தரவு. படகுக்காரர் ஒருத்தர் மூட்டைக்கு நடுவுல ஒளிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. திரும்பிப் போகணும்கா. போகலன்னா எங்கப்பாவப் பிடிப்பாங்க.”

“எங்க வீடு உனக்கு எப்படித் தெரியும்? லிம்பானி சொன்னானா?”

“இல்ல. ஓவிட்டி சொன்னாரு.”

பாவம், அகேயோ முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் எழுந்தே நின்றுவிட்டாள். “எப்ப பாத்தே? எங்க வச்சிருக்காங்க அவன? அம்மாவக் கூப்புடுறேன், இரு,” என்றாள்.

“அக்கா, உக்காருங்க,” என்றாள் ரெஹேமா. “அம்மாவ இப்பக் கூப்புடாதீங்க.”

அந்தக் குரலிலேயே எல்லாம் இருந்தது. ஆனாலும் அகேயோ உட்கார்ந்து கேட்டாள்.

பிடித்துப் போனவர்கள் அட்டை, போன் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு இரண்டு பேரையும் ரெஹேமா இருந்த லாக்கப்பில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சுவர், மேலே காற்றுக்கு ஒரு ஓட்டை. அந்த அட்டைகள் அங்கே வந்து சேரவில்லை; பொறுப்பில் இருந்தவன் ஒவ்வொருவரையும் கேட்டான், பேர் என்ன, எந்த நாடு. வெளிநாட்டுக்காரனை வைத்துக்கொண்டால் தொல்லை என்று அவனுக்கு மேலிடம் சொல்லியிருந்தது. நாட்டைச் சொல்பவனை அந்த நாட்டு எல்லையில் தள்ளிவிடுவதென்று ஏற்பாடு.

“லிம்பானி ஆப்பிரிக்கான்னுதான் மொதல்ல சொன்னாரு. ரெண்டு அடி விழுந்துச்சு. மலாவின்னு சொல்லிட்டாரு. நான் அவரத் தப்பா சொல்லலக்கா. நானும் சொல்லியிருப்பேன்.”

“ஓவிட்டி?”

“ஆப்பிரிக்கான்னாரு. அடிச்சாங்க. மறுபடி கேட்டாங்க, மறுபடி அதையே சொன்னாரு. கிறுக்கன்னு நெனச்சு அடிக்கிறத விட்டுட்டாங்க. லிம்பானி போறதுக்கு முன்னாடி கெஞ்சுனாரு, எனக்குக் கேட்டுச்சு. சொல்லித் தொலைடா, நாளைக்கே வீட்டுக்குப் போயிரலாம்னு. இவரு சிரிக்கிறாரு.”

“என்ன சொல்லிச் சிரிச்சான்?”

ரெஹேமா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொல்லு.”

“‘நாட்டுப் பேரச் சொல்லிட்டு வந்தேன்னு தெரிஞ்சா எங்கக்கா என்னைக் கொன்னு போடுவா’ன்னாரு.”

அகேயோ கையில் கிடைத்த புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். மிச்சத்தையும் சொல் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

லிம்பானி போன பிறகு ஓவிட்டி வெகுநாள் அங்கே இருந்தான். எந்த நாட்டுக்காரன் என்று தெரியாததால் எந்தத் தூதரகத்திலிருந்தும் யாரும் வரவில்லை. சுவர் ஓட்டை வழியாக ரெஹேமாவோடு பேசுவான். வெளியே போனதும் உனக்கு நைரோபியில் சப்பாத்தி வாங்கித் தருகிறேன் என்பான். உன் கேஸுக்கு உட்கார வந்தேன், பார், உட்கார்ந்துகொண்டேதான் இருக்கிறேன் என்பான். அதைச் சொல்லி அவளைச் சிரிக்கவும் வைத்திருக்கிறான். பிறகு மழை வந்தது. காய்ச்சல் வந்தது. அடிபட்ட இடம் பழுத்துப்போயிருந்தது. மருந்து கொடுக்க ஆள் இல்லை.

“கடைசி நாள்ல சொன்னாருக்கா,” என்றாள் ரெஹேமா. “கென்யான்னு கத்துனாரு. கானியாலோன்னு சொன்னாரு. ஒலால் மகன், கரையில எறங்கி கேட்டா யாரும் வழி சொல்லுவாங்கன்னாரு. பகல் பூரா சொல்லிக்கிட்டே இருந்தாரு. மொதல்ல கேட்ட ஆளு மாத்தலாகிப் போயிட்டான். புதுசா வந்தவன் காதுலயே வாங்கல. நான் கதவத் தட்டுனேன், கை கிழியத் தட்டுனேன். கேட்டவ நான் ஒருத்திதான். அதான் வழி தெரிஞ்சு வந்தேன்.”

அவனை எங்கே புதைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பேர் தெரியாதவர்களைப் போடுகிற இடம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறதாம். ஒரு குழிக்கு ஒரு ஆள் என்ற கணக்கெல்லாம் அங்கே கிடையாதாம்.

“இத ஏன் இத்தன நாளா யாரும் சொல்லல?”

“நான் சொல்லி அனுப்புனேனேக்கா. எங்கூட உள்ள இருந்த ஒரு பொம்பள விடுதலையானப்ப, லிம்பானி நம்பரக் கொடுத்துச் சொல்லச் சொன்னேன். ஆறேழு மாசம் இருக்கும். உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். போன வாரம் போன் கையில வந்து பாக்குறேன், நீங்க இன்னும் எங்கேன்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க. அதுக்கு மேல அங்க இருக்க முடியல.”

அகேயோ எழுந்து கேட்டுக்கு வெளியே போய் லிம்பானியைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“ரெஹேமா இங்க வந்திருக்கா,” என்றாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “எத்தனையோ தடவ சொல்ல வந்தேன்கா. வாய் வரல. பிரிச்சுட்டாங்கன்னு பொய் சொன்னேன். அவன விட்டுட்டு வந்தவன் நான். அத எப்படிச் சொல்றது? அப்புறம் பாத்தா ஊரே அவன் பேரச் சொல்லுது. இருபது நாடு சேந்திருக்கு. நாம இத்தன வருஷம் கத்தி நடக்காதது அவனால நடந்துச்சு. காணாமப் போனவன எங்கேன்னு கேக்கலாம், செத்தவனுக்கு மெழுகுவத்தி ஏத்தி வச்சுட்டு வீட்டுக்குப் போயிருவாங்க.”

“எங்கம்மா தெனமும் அவன் குடிசையப் பெருக்குறா.”

“தெரியும்கா. மாநாடு வரைக்கும் மட்டும் பொறுத்துக்கங்க. கால்ல விழுறேன். அதுக்கப்புறம் நானே வந்து அம்மாகிட்ட...”

அவள் போனை அணைத்தாள். அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்க ஆயிரம் கேள்வி இருந்தது. கேட்கத் தனக்கு யோக்கியதை உண்டா என்ற ஒரு கேள்வி எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது. மாநாடு வரைக்கும் பொறுங்கள் என்று இரண்டு நாளைக்கு முன் அப்பாவிடம் சொன்னது யார்?

நேரே ஒடெக் வீட்டுக்குப் போனாள். அவர் காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா, காய அறுங்க.”

ஒடெக் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ குத்தலாகச் சொல்ல வாயெடுத்தவர் அதை விழுங்கிவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்தார். “உண்மையாத்தானா?” என்றார். அவள் தலையாட்டினாள். அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எஞ்சின் பழகின காலத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நினைவில் வந்திருப்பான் போல.

அப்பாவிடம் அவர்தான் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மாட்டுப்பட்டிப் பக்கமிருந்து ஒலாலின் குரல் கேட்டது. ஒரு வருஷமாக அடைத்து வைத்திருந்த அழுகை. கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, தலையில் கை வைத்து ஓலமிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். வாசல் நிறைந்துவிட்டது. ரெஹேமா யாருக்கும் வழி மறிக்காமல் வேலியோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். இன்றே படகு ஏறாவிட்டால் ஆபத்து என்று யாரோ சொன்னதற்கு, “அவர் எனக்காக வந்து உக்காந்தாரு. அவர மண்ணுல எறக்குற வரைக்கும் நான் உக்காந்திருக்கேன்,” என்றாள். எத்தனை மேடையில் எத்தனை பேர் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பெண் அந்த வேலியோரத்தில் உட்கார்ந்திருந்ததுதான் ஆப்பிரிக்கா.

பெரெஸ் மட்டும் அழவில்லை. காய் வந்ததும் அதை ஓவிட்டியின் குடிசைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே பெட்டி அடிக்கிற சத்தம், ஜெபப் பாட்டு, புதுசாக வருகிறவர்களின் ஓலம். யாரும் அவளைக் கூப்பிடத் துணியவில்லை. மறுநாள் காலையில் குழி தயாரான பிறகுதான் அகேயோ உள்ளே போனாள்.

அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். காயைத் துடைத்துச் சுத்தம் செய்து மடியில் கிடத்தி, மகனுடைய நீலச் சட்டையை அதற்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கைகள் இல்லாத அதற்குச் சட்டை நிற்கவில்லை. சரிய சரிய இழுத்துவிட்டாள்.

அகேயோ எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அடியை, காய்ச்சலைச் சொன்னாள். விதியைச் சொன்னாள். யார் போட்ட விதி என்று சொன்னாள். லிம்பானி கெஞ்சினபோது ஓவிட்டி சிரித்துக்கொண்டே என்ன சொன்னான் என்பதை ஒரு எழுத்துகூட மறைக்காமல் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். ரெஹேமா யாரிடமும் வாய் திறந்திருக்கமாட்டாள். ஆனால் லிம்பானி செய்ததைத் தானும் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. திட்டட்டும், அடிக்கட்டும், முகத்தில் துப்பட்டும் என்றுதான் காத்திருந்தாள். அப்படிச் செய்தால் கொஞ்சம் தாங்கும் போலிருந்தது.

பெரெஸ் கையை நிறுத்தவில்லை. கழுத்துப் பித்தான், அடுத்த பித்தான் என்று போட்டுக்கொண்டே வந்தாள். ஒன்று மாறிப் போய்விட்டது. அதைக் கழற்றித் திரும்பச் சரியாகப் போட்டாள்.

“உன் பேச்சத் தட்டமாட்டான்னு தெரிஞ்சுதானே நான் அவன உங்கூட நைரோபிக்கு அனுப்புனேன்,” என்றாள்.

கோபமே இல்லாமல் சொன்னாள். ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். வெளியே ஒடெக் கதவைத் தட்டி, பாஸ்டர் வந்துவிட்டார், நேரமாகிறது என்றார். பெட்டிக்குத் தூக்கிப்போக ஆண்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். பெரெஸ் அவர்களிடம் கொடுக்கவில்லை. மடியில் கிடந்ததை இரண்டு கையாலும் எடுத்து மகளிடம் நீட்டினாள்.

“நீ தூக்கு,” என்றாள். “சின்னதுல நீதானே எறக்கியே விடாம தூக்கிட்டுத் திரிஞ்சே.”

அகேயோ தம்பியை வாங்கிக்கொண்டாள்.